டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்து மார்க் போடுவது சரியா? (டெல்லி பெற்றோர்)

மயூர்விஹார் மாலா:
பையன் மூன்றாம் வகுப்பு. இந்த மாதம் பள்ளியில் புது ஏற்பாடு: ரீசஸில் டீச்சர் ஒவ்வொரு டிபன் பாக்ஸாகப் பார்க்கிறார். காய், பழம் இருந்தால் டைரியில் நட்சத்திரம், பாக்கெட் சாமான் இருந்தால் சிவப்பு மையில் குறிப்பு. கடுகு, கறிவேப்பிலை தாளித்து எலுமிச்சை சேவை கொடுத்தனுப்பினேன். நூடுல்ஸ் என்று நினைத்து சிவப்பில் எழுதிவிட்டார்கள். பையன் இனிமேல் சேவையே வேண்டாம் என்கிறான். நல்ல சாப்பாட்டைப் பழக்குகிற வழி இதுதானா?

துவாரகா செந்தில்:
சேவை விஷயத்தை டீச்சரிடம் சொன்னால் புரிந்துகொள்வார். வட இந்தியர்கள் பலர் அதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். அதற்காக ஏற்பாடே தப்பு என்று சொல்லாதீர்கள். 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் சர்க்கரைப் பலகை, அதாவது எந்தப் பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் பலகை, வைக்கச் சொன்னது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 11 முதல் 18 வயதில் 15 சதவீதம், இருக்க வேண்டியதோ 5 என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. என் பெண்ணின் பள்ளியில் 300 மில்லி கோலா பாட்டில் படத்துக்குக் கீழே, அதில் உள்ள எட்டு ஸ்பூன் சர்க்கரையைக் கவரில் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து கடையில் எதை எடுத்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கிறாள். நான் நாலு வருஷம் கத்தியும் நடக்காதது அது.

ஆர்.கே.புரம் ராகவன்:
பலகை நல்லதுதான் செந்தில். ஆனால் அதே வராந்தாவின் கோடியில் கேன்டீன் இருக்கிறதே, அதில் என்ன விற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தீர்களா? என் பையன் பள்ளியில் பிரெட் பக்கோடா, சிப்ஸ், மாம்பழ ஜூஸ் டப்பா. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டாயிற்று. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பள்ளிக்குள் விற்கக்கூடாது, கேட்டிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக்கூடாது, விளம்பரமும் கூடாது. கேன்டீன் கான்ட்ராக்டரைக் கேள்வி கேட்காத பள்ளி எட்டு வயதுப் பிள்ளையின் டப்பாவைத் திறந்து பார்க்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

துவாரகா செந்தில்:
கான்ட்ராக்டரையும் கேட்கட்டும், டப்பாவையும் பார்க்கட்டும். அது நடக்கிறவரை இது கூடாது என்றால் எதுவுமே நடக்காது சார்.

கரோல்பாக் டீச்சரம்மா:
அரசு உதவி பெறும் பள்ளியில் பல வருஷம் பாடம் எடுத்தவள் நான். டப்பாவைத் திறக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பெண் மூடி மேல் கையை வைத்துக்கொண்டே இருப்பாள். உள்ளே நேற்றைய ரொட்டி ஒன்று, உப்பும் மிளகாயும். இன்னொருத்தி டப்பாவே கொண்டுவந்திருக்கமாட்டாள். "மறந்துட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விடுவாள். தினமும் மறப்பாளா? சிவப்பு மை இவர்களுக்கு என்ன சொல்லித்தரும்?

மதிய உணவுத் திட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 6 முதல் 8 வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் ஒரு வேளையில் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த அன்றே அந்தத் தட்டு போய்விடுகிறது. பெண்பிள்ளைகளுக்கு இரும்புச் சத்து அதிகம் வேண்டிய வயசு அதுதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஆரோக்கிய உணவு என்று பேசும்போது சர்க்கரையில் ஆரம்பித்துச் சர்க்கரையிலேயே முடிக்கிறோமே, அதுதான் எனக்கு வருத்தம்.

துவாரகா செந்தில்:
டீச்சர், அந்தப் பெண்ணை எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன். தனியாகக் கேட்கலாம். ஆனால் டீச்சர் பார்க்கவே கூடாது என்றால் அவள் பட்டினி கிடப்பது யாருக்குத் தெரியும்?

கரோல்பாக் டீச்சரம்மா:
கூட உட்கார்ந்து சாப்பிட்டால் தெரியும் தம்பி. நான் என் டப்பாவை வகுப்பிலேயே திறப்பேன். கீரைக் கூட்டு எடுத்துப் போனால் நாலு பிள்ளைகள் "இது என்ன மேடம்" என்று கை நீட்டும். டப்பா இல்லாதவளும் அதில் வந்து உட்கார்ந்துவிடுவாள். நட்சத்திரமும் வேண்டாம், குறிப்பும் வேண்டாம்.

மயூர்விஹார் மாலா:
இன்னொரு கஷ்டத்தை யாருமே சொல்லவில்லை. ஏழே காலுக்கு பஸ். ஜனவரியில் பத்து மணிக்கு டப்பாவைத் திறந்தால் இட்லி கல்லாகக் கிடக்கிறது. ரீசஸ் இருபது நிமிஷம், அதில் கை கழுவ வரிசை வேறு. பையன் பாதியைத் திருப்பிக் கொண்டுவருவான், அப்புறம் பசியோடு கேன்டீனுக்குத்தான் ஓடுவான். அந்தக் குளிரில்தான் டெல்லியில் சிவப்பு கேரட், கொய்யா, சர்க்கரைவள்ளி எல்லாம் தெருவெங்கும் குவிந்து கிடக்கிறது. கொய்யாவை நறுக்கிக் கறுப்பு உப்பு தூவி கேன்டீனில் வைத்தால் பிள்ளைகள் வாங்கமாட்டார்களா?

ஆர்.கே.புரம் ராகவன்:
வாங்குவார்கள். கான்ட்ராக்டருக்கு லாபம் குறையும், மிச்சமானது கறுத்துப்போகும், அதனால் வைக்கமாட்டான். ஒப்பந்தத்திலேயே எழுதினால்தான் வைப்பான். சனிக்கிழமை பிடிஎம்-மில் (பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில்) கேன்டீன் விலைப்பட்டியலைக் கேளுங்கள் மாலா மேடம். 2020 விதியின் நகலும் கையில் இருக்கட்டும்.

மயூர்விஹார் மாலா:
கேட்கிறேன். ரீசஸை அரை மணி ஆக்கச் சொல்லியும், சிவப்பு மையை நிறுத்தச் சொல்லியும் எழுதித் தரப்போகிறேன்.

துவாரகா செந்தில்:
முதல் இரண்டுக்கும் என் கையெழுத்து உண்டு. சிவப்பு மையை நிறுத்து என்கிற மனு எங்கள் பள்ளிக்கு வந்தால் போடமாட்டேன்.