எக்செல்லில் பெனால்டிக்கு எப்படி எடை போடுவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பெனால்டி, அதாவது விதிமீறலுக்கு யார்டு கணக்கில் தரும் தண்டனை, ஆட்டத்தின் முடிவை எவ்வளவு மாற்றுகிறது என்று எக்செல்லில் கணக்குப் போடுகிறேன், ஒத்தே வரவில்லை. மொத்த யார்டுகளை வைத்துப் பார்த்தேன், அப்புறம் எண்ணிக்கையை வைத்து, பிறகு பாதி பாதியாகப் பிரித்தும் பார்த்தாயிற்று.

சிக்கல் இதுதான். 2003 ஃபியஸ்டா பௌல் (அந்த சீசனின் தேசிய சாம்பியனைத் தீர்மானித்த ஆட்டம்), கூடுதல் நேரம், மயாமி 24-17 முன்னிலை. ஒஹாயோ ஸ்டேட்டின் நான்காவது டவுன் (கடைசி முயற்சி) பாஸ் தரையில் விழ, மயாமி வீரர்கள் ஜெயித்துவிட்டோம் என்று மைதானத்துக்குள் ஓடிவந்த பிறகு பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு (பாஸைப் பிடிக்க விடாமல் தடுத்ததற்கு) நடுவரின் மஞ்சள் கொடி, அதாவது பெனால்டி, விழுந்தது, கடைசியில் ஒஹாயோ ஸ்டேட் 31-24. கோப்பையையே மாற்றிய கொடி அது, ஆனால் என் ஷீட்டில் 5 யார்டு ஃபால்ஸ் ஸ்டார்ட்டைவிடச் (ஆட்டம் தொடங்குமுன் அசைந்ததற்கான சாதாரண பெனால்டி) சின்னதாக நிற்கிறது.

டவுன், மீதி யார்டு, ஸ்கோர், நேரம் நான்கையும் சேர்த்து ஒவ்வொரு கொடிக்கும் எடை போட எக்செல்லிலேயே செய்யக்கூடிய முறை என்ன?