புதுப்பிப்பு: வாளையார் (தமிழ்நாடு-கேரள எல்லை) தாண்டும்போது மட்டும் எடுத்துப் பயன்படுத்தும் கேரளா சிம்

இப்படி எப்போதாவது மட்டும் பயன்படுத்தும் ப்ரீபெய்ட் சிம்முக்கு, '20 ரூபாய் டாப்அப் போட்டு வைத்தால் நம்பர் போகாது' என்று முன்பு எழுதியிருந்தேன். அது தப்பு. ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, 90 நாள் பயன்பாடே இல்லாவிட்டாலும் மெயின் பேலன்ஸில் (சிம்மில் இருக்கும் பணம்) 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு 30 நாள் நீட்டிப்பார்கள். ஆனால் 20 ரூபாய் டாப்அப்பில் ஜிஎஸ்டியும் கட்டணமும் போக வழக்கமாகக் கிடைப்பது 14.95தான், அது போதாது.

50 போட்டால் 39.37. ஒருமுறை கழிந்ததும் மிச்சம் 19.37, அறுபத்துமூன்று காசில் நம்பர் போகும்! 100 போட்டால் 81.75, நான்கு முறை தாங்கும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடையில் போடும்போது டாப்அப் என்றே கேளுங்கள். டேட்டா பேக் மெயின் பேலன்ஸில் சேராது.

பயன்பாடு என்றால் பேசிய அழைப்பு (வந்ததும் சேரும்), அனுப்பிய எஸ்எம்எஸ், டேட்டா. பேங்க் ஓடிபி வந்துகொண்டே இருந்தாலும் கணக்கில்லை, மிஸ்டு காலை நம்பவும் வேண்டாம்.

இது நம்பரை மட்டுமே காப்பாற்றும். பிளான் காலாவதியானால் அழைப்பு நிற்கலாம், அதற்குத் தனி ரீசார்ஜ்தான். நம்பர் முடங்கிவிட்டதா? 15 நாளுக்குள் கேட்டால் திரும்பக் கிடைக்கும்.