புதுப்பிப்பு: பிள்ளைகளோடு மோன் ஷுவாசி போய்வந்தோம்

சின்னப் பிள்ளைகளையும் முழங்கால் வலியுள்ள அம்மாவையும் மொரீஷியஸில் எந்தக் கடற்கரைக்கு அழைத்துப் போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். ப்ளூ பே என்று சிலர், மோன் ஷுவாசி என்று சிலர் சொன்னீர்கள். குளிர்காலத் தென்கிழக்குக் காற்று ப்ளூ பே பக்கம் நேராக அடிக்கும் என்பதால் வடமேற்கிலுள்ள மோன் ஷுவாசிக்கே போனோம்.

மனம் நிறைந்துவிட்டது! பவளத்திட்டு வெளியிலேயே அலையை உடைத்துவிடுவதால் கரையோரத் தண்ணீர் குளம்போல் கிடக்கிறது. இளையவள் இடுப்பளவு நீரில் அசையாமல் நின்று, காலைச் சுற்றிய பொடி மீன்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா சவுக்கு நிழலில் பாய் விரித்துத் தால் பூரிப் பொட்டலத்தைப் பிரித்தார். 1933இல் பக்கத்துத் தீவான ரீயூனியனுக்கு முதல் விமானம் கிளம்பியது இங்கிருந்துதான் என்று மூத்தவனிடம் சொன்னேன். உடனே மணலில் ஓடுபாதை போட ஆரம்பித்துவிட்டான்.

போகிறவர்கள் வார நாளில் போங்கள், ஞாயிறன்று கூட்டம் நெரியும். உதிர்ந்த சவுக்கங்காய் உள்ளங்காலில் நறுக்கென்று குத்தும், செருப்பு அவசியம். ஒருவர் சொன்ன தெற்குக் கடற்கரையான க்ரி க்ரியில் பவளத்திட்டின் காவல் இல்லை. கரையில் நின்று பார்க்க அருமையான இடம். பிள்ளைகளைத் தண்ணீரில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.