பிஸ்ட்ரோ: தமிழில் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சென்னை, திங்கள் காலை

மடற்குழு அன்புடையீர்,

பாரிஸ் பற்றிய பயணக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தாக வேண்டும். சாப்பாட்டு அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். 'பிஸ்ட்ரோ' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'உணவகம்' என்று போட்டால் பெரிய இடங்களிலிருந்து பிரித்துக் காட்ட முடியவில்லை. காகித மேசைவிரிப்பு, கரும்பலகையில் அன்றைய சமையல், நெருக்கிப் போட்ட நாற்காலிகள், கையைக் கடிக்காத விலை. இவ்வளவும் ஒரு சொல்லுக்குள் வர வேண்டும்.

இரண்டாவது தலைவலி 'மெனு'. முதல் வரைவில் 'உணவுப்பட்டியல்: 22 யூரோ' என்று எழுதிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில், "பட்டியலைப் பார்க்கவே 22 யூரோவா?" என்று குறித்து அனுப்பியிருக்கிறார்.

கோவை, திங்கள் மதியம்

இதில் சிக்கலே இல்லை. பிஸ்ட்ரோ ரஷ்யச் சொல். 1814-இல் பாரிஸுக்குள் புகுந்த கோசாக் வீரர்கள் மதுக்கடைகளில் 'பிஸ்த்ரோ, பிஸ்த்ரோ' என்று, அதாவது 'சீக்கிரம், சீக்கிரம்' என்று, மேசையைத் தட்டினார்களாம். பாரிஸின் மோன்மார்த்ரில் ஓர் உணவகச் சுவரில் இதைப் பொறித்தே வைத்திருக்கிறார்கள். ஆகவே விரைவு + இல் = விரைவில். இல் என்றால் இடம். நிரைநேர், புளிமா. நாவில் நிற்கும்.

புதுச்சேரி, திங்கள் இரவு

கோவை ஐயா, சுவரில் பலகை இருப்பது உண்மை; பலகையில் இருப்பது உண்மையில்லை. அச்சில் இந்தச் சொல் தலைகாட்டுவது 1884-இல்தான். எழுபது ஆண்டுகள் அது எங்கே ஒளிந்திருந்தது? பிரெஞ்சு அறிஞர்கள் வேறு இரண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, மேற்கே புவாத்து வட்டார வழக்கில் எடுபிடி ஆளைக் குறிக்கும் 'பிஸ்த்ரோ'. மற்றது, வடக்கே சாராயம் கலந்த காப்பியைக் குறிக்கும் 'பிஸ்தூய்'. இரண்டும் உறுதியில்லை. ஆனால் கோசாக் கதையை அவர்களில் பெரும்பாலோர் நம்புவதில்லை.

இன்னொன்று. கடைவாசலில் 'விரைவில்' என்று எழுதி மாட்டினால், இன்னும் திறக்கவில்லை போலிருக்கிறது என்று வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

மெனு பற்றி: பிரான்சில் விலைப்பட்டியலுக்குப் பெயர் 'கார்த்'. 'மெனு' என்றால் முன்உணவு, முதன்மை உணவு, இனிப்பு மூன்றும் சேர்த்து ஒரே விலை. மூன்றில் இரண்டு மட்டும் என்றால் பெரும்பாலும் 'ஃபோர்முல்' என்று எழுதியிருப்பார்கள். அம்மா, 'ஆந்த்ரே' வரும் இடத்திலும் கவனம். பிரான்சில் அது முதலில் வருவது. அமெரிக்கர்கள் அதே சொல்லை முதன்மை உணவுக்கு வைத்துக்கொண்டார்கள். அமெரிக்க நூலைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தால் சாப்பாடே தலைகீழாகிவிடும்.

தஞ்சாவூர், செவ்வாய் காலை

நம்மிடம் சொல் இல்லாதது போல் பேசுவது வருத்தமளிக்கிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சமையற்கூடத்தை 'அறநிலைஇய அகனட்டில்' என்கிறது. 'சோறு வாக்கிய கொழுங்கஞ்சி யாறு போலப் பரந்து ஒழுகி' என்று அடுத்த அடி. அடுதல் என்றால் சமைத்தல். அதிலிருந்தே அட்டில், அடிசில், அடுப்பு, அடுக்களை எல்லாம். பிஸ்ட்ரோவுக்கு 'அட்டில்' என்றே வைக்கலாம். கிரந்த எழுத்தும் வேண்டியதில்லை.

அடு என்பதற்குக் கொல்லுதல், வெல்லுதல் என்ற பொருள்களும் உண்டு. 'அடுகளம்' என்றால் போர்க்களம். சமையலும் போரும் ஒரே வேரில் நிற்பது பற்றித் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

புதுச்சேரி, செவ்வாய் மதியம்

புலவர் ஐயாவின் கஞ்சி ஆற்றில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பாரிஸில் பிஸ்ட்ரோவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் உண்டு, பெயர் 'பூயோன்'. பொருள்: இறைச்சி வேகவைத்த சாறு. 1850-களில் துய்வால் என்ற கசாப்புக்காரர் சந்தைத் தொழிலாளர்களுக்குச் சாறும் வெந்த மாட்டிறைச்சியும் மலிவாக விற்கத் தொடங்கினார். அந்த வரிசையில் 1896-இல் திறந்த 'பூயோன் ஷார்த்தியே' இன்றும் நடக்கிறது. 'ரெஸ்தோரான்' என்பதே முதலில் உடம்பைத் தேற்றும் சாற்றின் பெயர்தான். பிறகுதான் கடையின் பெயரானது. ஆனால் ஐயா, அட்டில் சமைக்கும் இடம். சாப்பிடுகிறவனை எங்கே உட்கார வைப்பது?

திருவல்லிக்கேணி, செவ்வாய் இரவு

இவ்வளவு சுற்றுவானேன்? எங்கள் தெருவில் இருப்பதைச் சொல்கிறேன். குடும்பமே நடத்தும் கடை. எட்டு மேசை. இன்றைக்கு என்ன குழம்பு என்பது பலகையில். மாதக் கணக்குக்காரர்களின் முகம் முதலாளிக்குத் தெரியும். பெயர் மெஸ். பிஸ்ட்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

ஆங்கிலம் என்று புலவர் கொதிக்கும் முன் ஒரு செய்தி. ஆங்கிலத்துக்கு அது போனதே பழைய பிரெஞ்சிலிருந்துதான். 'மெஸ்' என்றால் அங்கே மேசையில் வைக்கும் ஒரு வேளை உணவு. இன்றைய பிரெஞ்சில் 'மெ'. நாம் சொல்லைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம், அவ்வளவுதான்.

தஞ்சாவூர், புதன் காலை

திருவல்லிக்கேணி ஆசிரியர் இனித் திசைச்சொல் என்பார். தொல்காப்பியர் 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்தும்' என்று எல்லை கட்டியிருக்கிறார். நன்னூலார் பிறமொழி நிலங்களையும் சேர்த்தார். உரைகாரர் சொல்லும் பட்டியலில் சீனம் இருக்கிறது, சாவகம் இருக்கிறது, பாரிஸ் இல்லை.

திருவல்லிக்கேணி, புதன், பத்து நிமிடம் கழித்து

'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்பதும் தொல்காப்பியர்தான். காலத்தோடு பொருந்தி வந்தால் விலக்க வேண்டிய சொல் என்று எதுவும் இல்லை.

பாரிஸ், புதன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வேலை முடிந்து இப்போதுதான் மடல்களைப் பார்த்தேன். இங்கே பிஸ்ட்ரோக்களின் குசினிகளில் (சமையலறைகளில்) எங்கள் ஈழத்து ஆட்கள் நிறையப் பேர். வந்த புதிதில் கோப்பை கழுவினேன். இப்போது அடுப்படியில் நிற்கிறேன். குசினியும் போர்த்துக்கீசரிடமிருந்து வந்ததுதான் என்று புலவர் ஐயா கோபிக்க வேண்டாம். அடுகளம் என்று அவர் சொன்னது மட்டும் மிகச் சரி. மதியம் ஒரு மணிக்கு வந்து பார்த்தால் தெரியும்.

ஷார்த்தியேயில் ஓய்வு நாட்களில் நானும் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் வரிசை. முன்பதிவு கிடையாது. உள்ளே உயரமான கூரை, கண்ணாடிகள், தலைக்கு மேலே பித்தளைத் தட்டுகளில் மற்றவர்களின் கோட்டும் தொப்பியும். தனியாகப் போனால் தெரியாத ஆட்களோடு ஒரே மேசையில் இருத்திவிடுவார்கள். கறுப்பு அங்கியும் வெள்ளை ஏப்ரனும் கட்டியவர் வந்து, நாம் கேட்டதை மேசைவிரிப்புக் காகிதத்தின் மூலையிலேயே எழுதுவார். அவித்த முட்டையும் மயோனைஸும், வினிகர் ஊற்றிய லீக்ஸ், வாத்துக்கால், உருளைக்கிழங்குப் பொரியலோடு மாட்டிறைச்சி, கடைசியில் கரமல் புடிங். பாண் (ரொட்டி) கூடை காலியானால் இன்னொன்று வரும், அதற்குக் காசில்லை. குழாய்த் தண்ணீருக்கும் காசில்லை. முடிந்ததும் அதே காகிதத்தில் கூட்டிக் கோடு போடுவார். சேவைக்கூலி அந்த விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. சுவரில் எண் போட்ட சின்ன இழுப்பறைகள் இருக்கின்றன; அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் தங்கள் துணிநாப்கினை அதில் வைத்துவிட்டுப் போவார்களாம். 2017-இல் பிகாலிலும் 2021-இல் ரெப்பூப்ளிக்கிலும் புதிய பூயோன்கள் திறந்தார்கள். அங்கேயும் வரிசைதான்.

அந்த இழுப்பறையை நினைத்தால் மெஸ் என்பது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் ஒரு தடை. பிஸ்ட்ரோவில் வைன் இல்லாத மேசை குறைவு. மெஸ் என்று படித்த வாசகர் குடும்பத்தோடு வந்து இறங்கினால் நானா பதில் சொல்வது? நாங்கள் பேச்சில் ரெஸ்ரோறன்ற் என்றே சொல்லிவிடுகிறோம். எழுதினால் 'பிஸ்ற்றோ'.

கோவை, வியாழன் காலை

'பிஸ்ற்றோ'வா? இரண்டு ஒற்று ஒரே இடத்தில். யாப்பருங்கலம் அழும்.

பாரிஸ், வியாழன் காலை

உங்கள் 'பிஸ்ட்ரோ'விலும் ஒற்று இரண்டு இருக்கிறது, அண்ணா. 'டொராண்டோ'வை நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம், 'ரொறன்ரோ'வை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(இதன் பிறகு ட, ற பற்றிப் பதினான்கு மடல்கள். தஞ்சாவூர் ஐயா 'பிசுட்டுரோ', 'பித்துரோ' இரண்டையும் முன்வைத்தார். பித்துப் பிடித்தவர்கள் சாப்பிடும் இடமா என்று திருவல்லிக்கேணி கேட்டதில் பேச்சு நின்றது.)

சென்னை, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. நாளை மாலை கெடு. நான் செய்திருப்பது இது: முதலில் வரும் இடத்தில் 'பிஸ்ட்ரோ என்னும் சிறு சாப்பாட்டுக்கடை', பிறகு பிஸ்ட்ரோ மட்டும். பூயோனை அப்படியே விட்டுவிட்டேன். ஆறு பேர் சரி என்றீர்கள், ஒருவர் அட்டில் என்றீர்கள், ஒருவர் மெஸ் என்றீர்கள். கோவை ஐயா 'விரைவில்' இன்னும் உயிரோடிருப்பதாகச் சொல்கிறார்.

மெனுவுக்கு, நம் ஊர் ஓட்டல் பலகையிலிருந்தே எடுக்கலாமே என்று தோன்றியது. இரண்டு உணவு என்றால் 'அளவுச் சாப்பாடு', மூன்றும் என்றால் 'முழுச் சாப்பாடு'.

பாரிஸ், வியாழன் நள்ளிரவு

அக்கா, தயவுசெய்து வேண்டாம். முழுச் சாப்பாடு என்று படித்துவிட்டு வருகிறவர், வாத்துக்கால் முடிந்ததும் தட்டை நீட்டிக்கொண்டு இன்னொன்றுக்குக் காத்திருப்பார். இங்கே இரண்டாம் முறை வருவது பாண் மட்டும்தான்.

சென்னை, வெள்ளி காலை

சரி. மெனு, ஃபோர்முல் இரண்டுக்கும் 'ஒருவிலை சாப்பாடு'. எத்தனை உணவு என்பது அடைப்புக்குறிக்குள். அனுப்பிவிட்டேன்.

தஞ்சாவூர், வெள்ளி மதியம்

'ஒருவிலைச் சாப்பாடு'. ஒரு விலையை உடைய சாப்பாடு. இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. வலி மிக வேண்டும். அச்சுக்குப் போகும் முன் அந்த ஒற்றையாவது சேர்த்துவிடுங்கள், அம்மா. அட்டில் பற்றிய மடலை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.