சாட்ஸ்வொர்த் பக்கம் யாரிடமாவது இந்தப் புத்தகங்கள் கிடைக்குமா?

வணக்கம். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். லெமனி ஸ்னிக்கெட் என்ற புனைபெயரில் டேனியல் ஹேண்ட்லர் எழுதி 1999 முதல் 2006 வரை வந்த ‘எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவண்ட்ஸ்’ என்ற சிறுவர் கதைத் தொடரின் 13 புத்தகங்களில் பாதியை என் அக்கா மகள் படித்துவிட்டாள், மீதி வேண்டும் என்று தூங்கவே மாட்டேன் என்கிறாள். வீடு தீப்பிடித்துப் பெற்றோரைப் பறிகொடுத்த மூன்று பிள்ளைகள், சொத்துக்காகத் துரத்தும் கவுண்ட் ஓலாஃப், எவ்வளவு சொன்னாலும் நம்பாத பெரியவர்கள், நடுவில் கதை சொல்பவரே வந்து இது சோகக் கதை, படிக்காதே என்று தடுக்கிறார், அங்கேதான் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. பிள்ளைகளிடம் பொய் சொல்லாத எழுத்து, எனக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. எட்டாவதிலிருந்து இருந்தால் இரவலாகவோ விலைக்கோ தாருங்கள். அப்புறம், இப்படித் துயரமும் சிரிப்பும் கலந்த சிறுவர் கதை தமிழில் இருந்தால் சொல்லுங்கள், தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசிக்க ஆசை.