எக்ஸ்எல்லுக்கு மேலே: பிடித்த உடை கிடைத்த அனுபவங்கள்

சென்னை, 27 வயது:

தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரே துணியில் மேலும் கீழும் ஜோடியாக வரும் கோ-ஆர்ட் செட் ஒன்று வாங்கலாம் என்று தி.நகரில் ஒரு பெரிய கடைக்குப் போயிருந்தேன். மாடிப் படி ஏறி நின்றதும் விற்பனைப் பெண் சொன்னது, “உங்க சைஸ் வராது மேடம்.” யாருக்கு வேண்டும், என்ன வேண்டும் என்று நான் இன்னும் வாயே திறக்கவில்லை. அப்புறம் ஒரு மூலைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். கறுப்பு, மெரூன், அடர்நீலம். எல்லாம் முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொள டாப். துணி நன்றாகத்தான் இருந்தது. அம்மாவுக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன்.

என் மார்பளவு 48 இன்ச், சீட் அளவு (பின்பக்கம் அகலமான இடத்தின் சுற்றளவு) 52. என்னை ஒல்லியாகக் காட்டும் உடை எனக்கு வேண்டாம். என் வயதுப் பெண்கள் இந்த வருடம் என்ன போடுகிறார்களோ அதுதான் வேண்டும். உங்களில் யாருக்காவது அப்படிக் கிடைத்திருந்தால் எங்கே, எப்படி என்று சொல்லுங்கள். எடை குறைக்கும் யோசனைகள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.

திருப்பூர்:

ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங், அதாவது ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை பார்த்தவள் நான். இது ஏன் நடக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு உடையை மீடியம் அளவில்தான் வெட்டித் தைத்துப் பார்ப்பார்கள். சரியாக வந்ததும் அதே பேட்டர்னை, அதாவது துணி வெட்டும் மாதிரியை, சைஸுக்கு 2 இன்ச் என்று கூட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் உடம்பு அப்படி வளர்வதில்லை. மார்பு 36 இருப்பவருக்கும் 48 இருப்பவருக்கும் தோள் அகலத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால்தான் 4எக்ஸ்எல் குர்த்தி போட்டால் கழுத்து தோளிலிருந்து நழுவுகிறது, மேல்கையோ பிடிக்கிறது. குறை உங்கள் உடம்பில் இல்லைங்க, வெட்டில் இருக்கிறது.

பிளஸ் சைஸை, அதாவது பெரிய உடம்புக்கான அளவுகளை, பொறுப்பாகச் செய்யும் வெளிநாட்டு பிராண்டுகள் அதற்கென்று தனி பேட்டர்ன் போடும். பெரிய உடம்புள்ள மாடலுக்கே போட்டுப் பார்த்துத் திருத்தும். அமெரிக்க லேபிளில் ‘2எக்ஸ்’ என்று இருப்பதும் ‘எக்ஸ்எக்ஸ்எல்’ என்று இருப்பதும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் பிளஸ் சைஸ் பேட்டர்ன். மற்றது சாதாரண அளவை இழுத்து நீட்டியது. பிரிட்டன் சரக்கு என்றால் 20, 22, 24 என்று எண் இருக்கும்.

இப்படி ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிச்சப்படுவது எங்கள் ஊர் காதர்பேட்டை துணிச் சந்தைக்கு வருகிறது. பின்னல் துணிதான் அதிகம். டி-ஷர்ட், லெக்கிங்ஸ், சில சமயம் அழகான நீள டிரஸ். லேபிளை வெட்டியிருப்பார்கள், எண்ணை நம்பிப் பயனில்லை. போட்டுப் பார்க்கவும் இடம் கிடைக்காது. உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு டி-ஷர்ட்டைக் கையோடு கொண்டுபோய் மேலே வைத்துப் பாருங்கள். அக்குள் தையலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிடுங்கள், பொத்தல் அங்கேதான் இருக்கும்.

நம் நாட்டுக்கென்று ஒரு அளவுப் பட்டியல் வேண்டும் என்று நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை எடுத்தது. 15 முதல் 65 வயது வரை 25,000 பேரை 3டி ஸ்கேனரில் அளப்பது திட்டம். அந்தப் பட்டியலைத் தையல் யூனிட்கள் கையில் எடுத்தால்தான் கடையில் மாற்றம் தெரியும்.

மதுரை:

ரெடிமேட் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், எனக்கு டெய்லர் அக்காதான். ஆனால் நல்ல டெய்லர் அமைந்தால் மட்டும் போதாது. நாம் என்ன கேட்க வேண்டும் என்று நமக்கும் தெரிய வேண்டும்.

தம்பி கல்யாணத்துக்கு முழங்கை வரை பஃப் கை வைத்து பிளவுஸ் வேண்டும் என்றேன். முன்பு தைத்துக்கொண்டிருந்தவர், “உனக்கு பஃப் வேண்டாம்மா, இன்னும் பெரிசா தெரியும்” என்று சொல்லிச் சாதாரணக் கைதான் வைப்பார். இந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் கையை மடக்கச் சொல்லி, தசை திரளும் இடத்தில் டேப்பைச் சுற்றினார். தொங்கவிட்ட கைக்கும் மடக்கிய கைக்கும் முக்கால் இன்ச் வித்தியாசம். அதைத் தனியாக எழுதிக்கொண்டார்.

அடுத்தது கைக்குழி, அதாவது கைத்துண்டை இணைக்கும் வளைவு. கை பிடிக்கிறது என்று சொன்னாலே நிறையப் பேர் கைக்குழியைத்தான் இறக்கி வெட்டுகிறார்கள். அப்படி வெட்டினால் கையைத் தூக்கும்போது பிளவுஸ் முழுதும் மேலே ஏறும். அக்கா கைக்குழியை அக்குளை ஒட்டியே வைத்து, கைத்துண்டின் அகலத்தை மட்டும் கூட்டினார். முன்பக்கம் டார்ட்டுக்கு (மடித்துப் பிடிக்கும் தையல்) பதில் பிரின்சஸ் கட் (மேலிருந்து கீழ்வரை வளைந்து இறங்கும் தையல்), கொக்கிகள் நெருக்கமாக, கொக்கிப்பட்டிக்கு உள்ளே அகலமான ஒரு மறைப்புப் பட்டி. தாலி கட்டும் நேரத்தில் நாத்தனார் நான்தானே பின்னால் நின்று முடிச்சுப் போட வேண்டும்! குனிந்து நிமிர்ந்து எல்லாம் செய்தேன், ஒரு கொக்கிகூட விடவில்லை. பெண் வீட்டு ஆட்கள் பஃப் கையைப் பார்த்துவிட்டு டெய்லர் நம்பர் கேட்டார்கள்.

துணியைப் பற்றி ஒன்று. புடவையோடு வரும் பிளவுஸ் துணி பொதுவாக 80 செ.மீ. தான். 46, 48 மார்பளவுக்கு முழங்கைக் கையோடு தைக்க அது போதாது. புடவையிலிருந்து பிளவுஸ் துணியை வெட்டுவதற்கு முன்பே டெய்லரிடம் காட்டிவிடுங்கள். வெட்டிய பிறகுதான் பற்றவில்லை என்று தெரிந்தால் வேறு நிறத்தில் ராசில்க் ஒன்றேகால் மீட்டர் எடுப்பதுதான் வழி. அதுவும் எடுப்பாகத்தான் இருக்கும்.

கோவை:

நான் ஆன்லைன்தான். 3எக்ஸ்எல் என்பது ஒரு பிராண்டில் 46, இன்னொன்றில் 50. அதனால் எழுத்தைப் பார்க்கவே மாட்டேன். எனக்குச் சரியாக இருக்கும் குர்த்தியைக் கட்டிலில் விரித்து அளந்து போனில் எழுதி வைத்திருக்கிறேன்: அக்குளுக்கு அக்குள், சீட், மேல்கை, ஸ்லிட் தொடங்கும் இடம். ‘கார்மெண்ட் மெஷர்மெண்ட்’ என்று உடையின் அளவையே போட்டிருந்தால்தான் ஆர்டர். வெஸ்ட்சைடின் ‘ஜியா’, மிந்த்ராவின் ‘ஸ்டோரி’ இரண்டும் பிளஸ் சைஸுக்கென்றே வருபவை, இரண்டிலும் நல்ல வெட்டுகள் கிடைத்தன.

2016இல் லாக்மே ஃபேஷன் வீக்கில் பிளஸ் சைஸுக்கென்று ஒரு ஷோ நடந்தது. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பெல்ட் கட்டுவது, கோடு போட்ட துணி போடுவது எல்லாம் நமக்கில்லை என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை நானும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு படத்தைச் சேமித்து வைத்து, டெய்லரிடம் காட்டி அப்படியே, உடைக்கு மேலே போடும் ஜாக்கெட் ஒன்று தைத்துக்கொண்டேன்.

திருச்சி, ஒரு அம்மா:

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. தோழி பிறந்தநாளுக்கு எல்லோரும் வைட்-லெக் ஜீன்ஸ், இவளுக்கு மட்டும் சுடிதார் என்றதும் போகவே மாட்டேன் என்று அறைக்குள் போய்விட்டாள். கடையில் இடுப்புக்கு வாங்கினால் தொடையில் ஏறவில்லை, தொடைக்கு வாங்கினால் இடுப்பில் மூன்று விரல் இடைவெளி. கடை வாசலில் ஆல்ட்டரேஷன் மெஷின் போட்டிருந்த அண்ணன்தான் வழி சொன்னார். “சீட்டுக்கும் தொடைக்கும் பார்த்து வாங்குங்கம்மா, இடுப்பை நான் பாத்துக்கறேன்.” பின்பக்க நடுவில் பட்டியைப் பிரித்து, இரண்டு இன்ச் பிடித்து, மறுபடி பட்டியை வைத்துத் தைத்தார். தைத்த தடமே தெரியவில்லை. அதன் மேல் குட்டை வெள்ளைச் சட்டை. என் அக்கா பார்த்துவிட்டு, “இவளுக்கு இதெல்லாம் தேவையா” என்றாள். தேவைதான் அக்கா என்று அவள் எதிரிலேயே சொன்னேன்.

சென்னை, 27 வயது:

திருச்சி அக்கா, உங்கள் மகள் கொடுத்துவைத்தவள். மதுரை அக்கா, கைக்குழி விஷயத்தை எழுதி வைத்துக்கொண்டேன். இன்னொரு கேள்வி: வெயிலில் குட்டை கவுன் போட்டால் தொடை உரசிப் புண்ணாகிறதே, என்ன செய்கிறீர்கள்?

கோவை:

உள்ளே முழங்காலுக்கு மேல் நிற்கும் காட்டன் சைக்கிளிங் ஷார்ட்ஸ். நைலான் வேண்டாம், வேர்க்கும்.

சேலம்:

புடவைக்காரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். சீட் அளவு 50க்கு மேல் என்றால் ஐந்தரை மீட்டரில் சுற்றுக்கே துணி போய்விடும், கொசுவம் மூன்று நான்கோடு நின்றுவிடும், முந்தியும் குட்டையாகும். என் கல்யாணப் புடவைக்கு அப்பா இளம்பிள்ளையில் தெரிந்த நெசவாளரிடம் கேட்டு அரை மீட்டர் கூட்டி நெய்து வாங்கினார். ஏழு கொசுவம், முந்தி முழங்காலுக்குக் கீழே வரை. விலை கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். ரெடிமேட் உள்பாவாடை நமக்கு அகலம் பற்றாது, நடக்கும்போது காலைப் பிடிக்கும். அதையும் துணி எடுத்துத் தைத்துவிடுங்கள். நெய்யக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) போடுவதற்கு முன்பே நீளத்தைச் சொல்லிவிட வேண்டும். தறியிலிருந்து அறுத்த பிறகு கூட்ட முடியாது.