ஏசி போட்ட பிறகு கிறிஸ்தவக் கோயிலில் மறையுரை (பிரசங்கம்) புரியவில்லை: ஸ்பீக்கர் கூட்டலாமா?

பங்குப்பேரவை (கேள்வி)
கோயில் 80 அடி நீளம், 40 அகலம், 23 உயரம். தட்டையான கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சுச் சுவர், கிரானைட் தரை, மர பெஞ்சு. 12 ஜன்னல், 3 வாசல். ஏசிக்காக எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு அடைத்தோம். அதிலிருந்து மறையுரை ஒரே இரைச்சல். வார நாள் பூசையில் இன்னும் மோசம். சுவரில் 8 பெட்டி ஸ்பீக்கர் இருக்கிறது, இன்னும் 4 மாட்டச் சொல்கிறார்கள். மாட்டலாமா?

ஒலிக்கணக்கு
வேண்டாம். சத்தம் போதாமல் இல்லை, அடங்காமல்தான் புரியவில்லை. 12 ஸ்பீக்கர் ஆனால், பெஞ்சில் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்பீக்கர் ஒன்றுதான் நேரே பேசும். மற்ற 11 ஸ்பீக்கரும் சுவரில் மோதித் திரும்பும் முழக்கத்தைத்தான் ஏற்றும்.

மீட்டரில் சுமார் 24 × 12 × 7, அதாவது 2016 கன மீட்டர். சபைன் சூத்திரப்படி முழக்க நேரம் (சத்தம் நின்ற பிறகு முழக்கம் அடங்க ஆகும் வினாடி) = 0.161 × கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். சுவர், தரை, கூரை 1080 சதுர மீட்டர். 3% உறிஞ்சினால் உறிஞ்சல் 32 சதுர மீட்டர். பெஞ்சுக்கு 8, ஆளுக்கு 0.45. திறந்த ஜன்னல் 100% உறிஞ்சல், ஏனென்றால் போன சத்தம் திரும்பாது. வழக்கமான அளவு ஜன்னல், வாசல் என்றால் அது 37. அதைத்தான் அடைத்துவிட்டீர்கள்.

ஞாயிறு 250 பேர் வந்தால் 1.7 வினாடி இருந்தது 2.1 ஆகிறது. வார நாள் 60 பேருக்கு 3.1 இருந்தது 4.8. பேச்சுக்கு 1.4 போதும். ஞாயிறு அங்கே இறங்க இன்னும் 80 உறிஞ்சல் வேண்டும்: சுமார் 90 சதுர மீட்டர் சத்தம் உறிஞ்சும் பேனல், 4 × 2 அடியில் 120. வார நாளும் 2.2க்கு வந்துவிடும்.

முதலில் பீடத்துக்கு எதிரே, பெஞ்சுகளுக்குப் பின்னால் உள்ள பின்சுவர். பீடத்திலிருந்து போய்த் திரும்பும் சத்தம் 140 மில்லி வினாடி தாமதமாக வருவதால் தனி எதிரொலியாகக் கேட்டு வேதம் வாசிப்பவரையே தடுமாற வைக்கும். மீதியை ஜன்னல்களுக்கு இடையே, பேனலுக்கு எதிரே வெறும் சுவர் வருகிற மாதிரி மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பேனலுக்கு 50 மி.மீ. ராக்வூல் (பாறையை உருக்கிச் செய்த பஞ்சு), கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, பின்னால் 50 மி.மீ. இடைவெளி. மரச்சட்டம் கரையானுக்கு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனல் போடுங்கள். மேல்துணியில் வாய் வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும், ரெக்சின் ஒட்டினால் காசு தண்டம். 9 மி.மீ. பாலியஸ்டர் பலகையைச் சுவரோடு ஒட்டினால் 'ஸ்', 'ச்' மட்டும் போகும், 'கும்' அப்படியே நிற்கும். தெர்மோகோல், முட்டை அட்டை பேச்சே எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தி எரிகிற இடத்தில் பியூ (பாலியூரித்தேன்) ஃபோம் கூடவே கூடாது. பிடித்தால் புகையே ஆளைக் கொல்லும்.

மைக்செட்
மேலே சொன்னது சரி. கூடவே அந்த 8 பெட்டியையும் இறக்கிவிடுங்கள். பீடத்தின் இருபுறமும் ஒவ்வொரு காலம் (column) ஸ்பீக்கர், அதாவது சிறு ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒல்லியான நெட்டைப் பெட்டி, 13 மீட்டர் தள்ளி இன்னொரு ஜோடி. காலம் ஸ்பீக்கர் சத்தத்தை மேலும் கீழும் பரப்பாது, அதனால் கூரைக்குப் போகிற சத்தம் குறையும். சாதாரணப் பெட்டியில் நேரொலி முழக்கத்தைவிட மேலோங்கும் தூரம் சுமார் 4 மீட்டர். நல்ல காலம் ஸ்பீக்கரும் பேனலும் சேர்ந்தால் 7 மீட்டர் வரை.

பின் ஜோடிக்கு டிலே (சத்தத்தைத் தாமதித்து விடுவது) கட்டாயம். 13 மீட்டருக்கு 37 மில்லி வினாடி, அதோடு 10 கூட்டி 47 வையுங்கள். இல்லையென்றால் பின்பெஞ்சுக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை. சாதாரண 100 வோல்ட் ஆம்ப்ளிஃபயரில் டிலே இருக்காது. டிஎஸ்பி (ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் கருவி) ஒன்றும் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி ஆம்ப் சேனலும் வேண்டும். பின் ஜோடியை அணைத்தால் குறை தெரிய வேண்டும், போட்டால் அது பேசுவது தெரியக்கூடாது, அளவு அதுதான். வாசக மேடை மைக்கில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

பாடகர்குழு
1.4 வினாடி பேச்சுக்குச் சரி, பாட்டுக்குக் கொஞ்சம் வறட்சி. அதனால் பீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரையும் பாடகர் நிற்கும் மூலையையும் தொடாதீர்கள். பாடகருக்குப் பக்கத்துச் சுவரில் பேனல் மெத்தை போட்டால் ஆல்ட்டோவுக்கு (பெண்களின் தாழ்குரல்) டெனர் (ஆண்களின் உயர்குரல்) கேட்காது, சுருதி இறங்கும்.

பங்குப்பேரவை
நன்றி. பணம் தவணையாகத்தான் வரும். எதை முதலில்?

ஒலிக்கணக்கு
காசில்லாத சோதனை முதலில்: வார நாள் பூசையில் பின்பக்க 6 பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு, முன் இரண்டில் மட்டும் கேளுங்கள். அடுத்து பின்சுவர் பேனல், பிறகு காலம் ஸ்பீக்கரும் டிஎஸ்பியும், கடைசியில் பக்கச்சுவர். காலம் ஸ்பீக்கரை மட்டும் வாங்கி நிறுத்தினாலும் பின்சுவர் திருப்பி அடிப்பது நிற்காது.